காலைக்கடன் பாக்கி

இதற்குக் 'காலைக்கடன்' என்று பெயர் வைத்தவர் நிச்சயம் ஒரு பி.காம். பட்டதாரியாகத்தான் இருக்க வேண்டும். கடன் என்றால் கடமை என்று தமிழ் வாத்தியார்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். தினம் காலையில் தவணை கட்டுகிறோம். ஒரு நாள் தவறினால் வட்டி ஏறுகிறது. வயிறு நோட்டீஸ் அனுப்புகிறது. இது கடன் இல்லாமல் வேறென்ன சார்?

38 வயசு வரை நான் ஒழுங்காகத் தவணை கட்டிய ஆசாமி. காபி, பேப்பர், ஆறே முக்கால். என்னைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம். போன தை மாசம் கணக்கு குளறுபடியானது. மூன்று நாள் ஒன்றுமில்லை, நாலாம் நாள் மூன்று தடவை. போய்விட்டு வந்த பிறகும் 'இன்னும் பாக்கி இருக்கு' என்று ஒரு நினைப்பு.

எனக்கு வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். வாரத்தில் மூன்று நாள் சிதம்பரத்தில் ஒரு துணிக்கடைக்குக் கணக்கு எழுதப் போகிறேன் (கட்டுரை எழுதி மட்டும் அரிசி வாங்க முடியாது என்பது பத்திரிகை ஆசிரியர்களுக்கே தெரியும்!). பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆலப்பாக்கம் தாண்டினதும் வயிறு கூப்பிட்டால் கண்டக்டரிடம் என்னவென்று சொல்வது? பேசாமல் ரயிலுக்கு மாறினேன்.

ரயிலில் கழிவறை வந்த கதை தெரியுமோ? 1909-ல் வங்காளத்தில் ஒகில் சந்திர சென் என்பவர் பலாப்பழம் தின்று வயிறு உப்பி, அகமதுபூர் ஸ்டேஷனில் ஒதுங்கப் போனார். ரயில் கிளம்பிவிட்டது. ஒரு கையில் செம்பு, மறு கையில் வேட்டியோடு ஓடி விழுந்தவர், ரயில்வேக்காரர்களுக்குக் காரசாரமாகக் கடிதம் எழுதினார். சாதா வகுப்புப் பெட்டிகளுக்குக் கழிவறை வர அதுதான் காரணம் என்பார்கள். பண்ருட்டிப் பலா விளைகிற மாவட்டத்துக்காரன் என்ற முறையில் அவருக்கு என் நன்றி.

ஐந்தாவது வாரம் ரத்தம் வந்தது.

முதல் நாள் பீட்ரூட் சாப்பிட்டோமா என்று யோசித்தேன் (சாப்பிட்டால் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்). இல்லை, வாழைக்காய்தான் சாப்பிட்டிருந்தேன். கடையில் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். ஆறு பேர், ஏழு வைத்தியம். "உடம்பு சூடு சார், வெந்தயம் ஊற வெச்சு முழுங்குங்க." "கோழியை நிறுத்துங்க." கடைசியில் கேஷியர் தீர்ப்பு சொன்னார்: "மூலம்தான் சார். பஸ் ஸ்டாண்டு சுவத்தைப் பாருங்க, போன் நம்பரே இருக்கு."

என் மாமாவும் மூலம் என்றுதான் நினைத்தார். மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆபீசில் ஹெட் கிளார்க். கிரிக்கெட், அரசியல், அடுத்த வீட்டுக் கல்யாணம் என்று எதையும் பேசுவார். ரத்தம் போவதை மட்டும் ஒன்றரை வருஷம் யாரிடமும் பேசவில்லை. அத்தையிடம்கூட. டிபன்பாக்ஸ் பைக்குள் லேகிய டப்பா வைத்திருந்தார். பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே தள்ளிப் போட்டார். ஆபீசில், "என்ன சார், ஸ்லிம்மாயிட்டீங்க! வாக்கிங்கா?" என்று பாராட்டியிருக்கிறார்கள். பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது கல்லீரல் வரை போயிருந்தது. 54 வயசு. அத்தை இன்றைக்கும், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல" என்கிறாள். செத்துப் போனதைவிட அதுதான் அவளுக்குப் பெரிய குறை.

இத்தனைக்கும் எங்கள் ஊரின் மிகப் பிரபலமான கதையே ஒரு வயிற்றுக் கதை! 7-ம் நூற்றாண்டில் எங்கள் திருப்பாதிரிப்புலியூர் சமண மடத்தில் தருமசேனராகப் பெரிய பதவியில் இருந்தார் அப்பர். அவருக்குச் சூலை நோய், அதாவது குடலைப் புரட்டுகிற வலி. (இன்றைய பெயர் என்ன என்று டாக்டர்கள் பட்டிமன்றம் வைக்கலாம்.) மடத்தில் செய்த எதுவும் கேட்கவில்லை. மனுஷர் என்ன செய்தார்? திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியாருக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். அக்கா அங்கே வர மறுக்க, ராவோடு ராவாக அவரே கிளம்பிப் போனார். பதவி, கௌரவம் எதையும் பார்க்கவில்லை. அக்கா திருநீறு கொடுத்து வீரட்டானத்துக்கு அழைத்துப் போக, அவர் பாட, வலி தீர்ந்தது என்கிறது பெரியபுராணம். அதைச் சேக்கிழார் பாடியது சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில். ஆயிரம் தூணுக்கு நடுவே சொன்ன வயிற்று வலியை நாம் அடுத்த நாற்காலிக்காரரிடம் சொல்லக் கூசுகிறோம்!

அன்று ராத்திரியே மனைவியிடம் சொன்னேன். மறுநாள் சிதம்பரத்தில் டாக்டர். என்னைவிடச் சின்ன வயசு, அதுவும் பெண். நான் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே 'மோஷன்' என்று ஆரம்பித்தேன். அவர் ஜி.எஸ்.டி. ஆபீசர் மாதிரி கேட்டார்: "எத்தனை வாரமா? ராத்திரி எழுப்புதா? ஒல்லியா, நாடா மாதிரி போகுதா? எடை குறைஞ்சுதா?" பிறகு ஒரு படம் காட்டினார். இங்கிலாந்தில் பிரிஸ்டல் ஊர்க்காரர்கள் 1997-ல் வெளியிட்ட அட்டவணை. ஆட்டுப் புழுக்கையிலிருந்து கஞ்சித் தண்ணி வரை ஏழு ரகம். "உங்களது எது?" மாப்பிள்ளை போட்டோவில் விரல் வைப்பது மாதிரி வெட்கத்தோடு வைத்தேன்.

"ஒரு நாளைக்கு மூணு தடவையும் நார்மல், வாரத்துக்கு மூணு தடவையும் நார்மல்" என்றார். "உங்க வழக்கம் மாறி மூணு வாரத்துக்கு மேல அப்படியே நின்னா, அதான் கவனிக்கணும். நிறையப் பேருக்கு தைராய்டு, சாப்பாடு, மாத்திரைன்னு சாதாரணக் காரணமா இருக்கும். ஆனா ரத்தம் வந்தா ஊகிக்கக் கூடாது, பார்த்துடணும்."

"அதெல்லாம் 50-க்கு மேலதானே மேடம்?"

"தொந்தரவே இல்லாதவங்களுக்கே அமெரிக்காவுல 2021-ல அந்த வயசை 45-ஆ குறைச்சுட்டாங்க. 'ப்ளாக் பேந்தர்' ஹீரோ சாட்விக் போஸ்மன் 2020-ல இதே நோய்ல இறந்தப்ப 43 வயசு."

பேச்சு நின்றது. கொலனாஸ்கோப்பிக்குத் தேதி குறித்தார்.

அந்தப் பரிசோதனை ஒன்றுமே இல்லை. மயக்க ஊசி, தூக்கம், முடிந்தது. முதல் நாள்தான் சோதனை. பவுடரைக் கரைத்து இரண்டு லிட்டர் குடிக்க வேண்டும். உப்புக்கரிக்கிற ஆரஞ்சு ஜூஸ். அரை மணி கழித்து, 38 வருஷ பாக்கி மொத்தமும் ஒரே ராத்திரியில் பைசல்!

கண் விழித்ததும் டாக்டர் சொன்னார்: "மூலம் இருக்கு." கேஷியர் ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன். "அது மட்டும் இல்லை. உள்ளே கொண்டைக்கடலை அளவுல ஒரு பாலிப். சுருக்குக் கம்பி போட்டு எடுத்துட்டோம்."

பயாப்சி வர ஒரு வாரம். அந்த வாரம் பேலன்ஸ் ஷீட்டில் இரண்டு பக்கமும் ஒத்துப்போனதாக ஞாபகமில்லை. ரிசல்ட் வந்தது: புற்று இல்லை. ஆனால் இந்த ரகக் கட்டியை விட்டுவைத்தால் பத்து வருஷம் போல மெள்ள மெள்ளப் புற்றாக மாறலாம், மாறாமலும் போகலாம். மூன்று வருஷம் கழித்து மறுபடி வரச் சொன்னார். "கூடப் பொறந்தவங்ககிட்டயும் சொல்லிடுங்க."

சென்னையில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். இதைப் போய் இப்பவா?"

பத்தரை மணிக்கு அவனே கூப்பிட்டான். மொட்டை மாடிக்குப் போயிருக்கிறான் போல, காற்றுச் சத்தம் கேட்டது. ஊர் விஷயம், ஆபீஸ் விஷயம், மழை விஷயம் எல்லாம் பேசி முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"அண்ணே... அந்த ரெண்டு லிட்டரை எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடிக்கலாமா?"