உப்பும் உயிர்ச் சித்திரமும்

நேயர்கள் தயவுசெய்து ஒரு முறை கண்ணை மூடித் திறக்க வேண்டும். திறந்தாயிற்றா? அந்த ஒரு கண நேரத்துக்குள் சினிமாத் திரையிலே ஏழெட்டுப் படங்கள் ஓடி மறைந்திருக்கும். விநாடிக்கு 24 படம் என்பது சினிமாக்காரர்களின் கணக்கு. மனிதர்கள் நடிக்கும் படமாயிருந்தால் அவ்வளவையும் காமிராவே பிடித்துக்கொண்டு விடுகிறது. சித்திரங்கள் நடிக்கும் படத்தில் அந்தச் சௌகரியம் கிடையாது. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியாக வேண்டும். ஒரே சித்திரத்தை இரண்டு தடவை பிடித்து, விநாடிக்கு 12 என்று குறைத்துக் கொள்ளுகிறவர்களும் உண்டு. அப்படியும் ஒரு நிமிஷத்துக்கு 720 சித்திரம் ஆகிறது. ஒரு நிமிஷத்தில் நம் வீட்டுக் குழந்தைகள் ஒரு கைமுறுக்கைக்கூட முழுதும் தின்று முடிப்பதில்லை.

கம்ப்யூட்டர் வந்த பிறகு இந்தப் பிரயாசை எல்லாம் ஒழிந்து போயிற்றே என்று சிலர் சொல்லக்கூடும். காகிதந்தான் ஒழிந்தது. எந்தப் பாத்திரம் எந்தக் கணத்தில் எங்கே நிற்க வேண்டும், அதன் கனம் எந்தக் காலில் இறங்க வேண்டும் என்பதை இன்றைக்கும் யாரோ ஒருவர் யோசித்துத்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. இந்த வித்தைக்கு அனிமேஷன் என்று பெயர். இதைப் பட்டப் படிப்புக்கு மேலும் இரண்டரை வருஷம் படிப்பதற்கு நம் தேசத்தில் கலாசாலைகள் இருக்கின்றன. இந்தச் சமாசாரத்தை நாம் அறிந்துகொண்டது சென்னையில் அல்ல; மரக்காணத்துக்கு அடுத்தாற்போலுள்ள எக்கியார்குப்பத்தில்.

எக்கியார்குப்பம் சிறிய மீனவர் கிராமம். கிழக்கே சமுத்திரம், மேற்கே சற்றுத் தூரம் போனால் கண்ணுக்கெட்டிய வரையில் உப்பளம். வெயில் காலத்தில் அந்தப் பாத்திகளின் பக்கம் பார்த்தால் கண் கூசும். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணந்தான் என்று ஆராய்ச்சிக்காரர்கள் பலர் கருதுகிறார்கள். பக்கத்திலேயே கழுவேலி ஏரி. 2021-ஆம் வருஷத்தில் அதைப் பறவைகள் சரணாலயமாக்கினார்கள். இத்தனை இருந்தும், பத்திரிகைகளில் இவ்வூரின் பெயர் அடிபட்டதெல்லாம் துக்க சமாசாரங்களில்தான். 2004 டிசம்பர் 26-ந் தேதி கடல் பொங்கி வந்தது. 2023 மே மாதத்தில் விஷச் சாராயம் பல குடும்பங்களைத் தவிக்க விட்டது. அதற்குப் பிறகு வெளியூரில் யாராவது "எந்த ஊர்?" என்று கேட்டால், இவ்வூர் இளைஞர்கள் "மரக்காணம் பக்கம்" என்று சொல்லி நிறுத்திக் கொள்ளுகிறார்கள்.

இங்கே நமக்கு ஒரு சிநேகிதர் உண்டு. படகு வைத்திருப்பவர், இருபது வருஷத்துக்கு மேற்பட்ட பழக்கம். அவருடைய மூத்த பெண் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் படித்துத் தேறியவள். நம்மைப் பெரியப்பா என்று கூப்பிடுவாள். அவள் மேலே அனிமேஷன் படிக்க வேண்டும் என்றதும் வீட்டில் விவகாரம் மூண்டுவிட்டது. சிநேகிதரின் படகு இஞ்சின் பழசு. புது இஞ்சினுக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் கொஞ்சம் இருந்தது. இஞ்சினா, படிப்பா என்பதுதான் கேள்வி.

"ஐயா, டாக்டருக்குப் படிக்கிறேன்னா ஊரே சேர்ந்து அனுப்பும். பொம்மை போடறதுக்கு ரெண்டரை வருஷமா? நீங்களே சொல்லுங்க" என்றார் அவர்.

நாம் உடனே ஒன்றும் சொல்லவில்லை. பெண் என்னதான் செய்கிறாள் என்று பார்க்கலாம் என்றோம்.

அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு வந்து காட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் உப்பளத்துப் பெண்கள். உப்புக் கூடையைத் தலையில் வைத்து வரப்பின்மேல் நடக்கிறவர்களைத்தான் அவள் எழுதியிருந்தாள். முகம் ஒன்றுக்கும் கிடையாது. "பெரியப்பா, கூடை தலையில் இருக்கும்போது கழுத்து அசையவே அசையாது. இடுப்புதான் எல்லாவற்றையும் வாங்கிக் கொள்ளும். கூடையை இறக்கிய பிறகு நாலைந்து அடி வரைக்கும் அதே நடைதான் இருக்கும். அப்புறம்தான் கை தானாக வீச ஆரம்பிக்கும்" என்று ஒவ்வொரு படமாகக் காட்டி விளக்கினாள். அந்த நாலைந்து அடிக்காக மட்டும் நாற்பது சித்திரம் எழுதியிருந்தாள். மேல்நாட்டில் வால்ட் டிஸ்னி 'பாம்பி' என்னும் மான் கதையைப் படமெடுத்தபோது, உயிருள்ள மான் குட்டிகளை ஸ்டூடியோவுக்கே கொண்டு வந்து சித்திரக்காரர்களைப் பார்த்து எழுதச் சொன்னார். 1942-ல் வெளியான படம் அது. இந்தப் பெண்ணுக்கு அந்தச் செலவு இல்லை. வாசலை விட்டு இறங்கினால் போதும்.

அந்த 'பாம்பி'யில் வேலை செய்தவர்களில் ஒருவர் கிளேர் வீக்ஸ். இந்தியாவிலே பிறந்த அமெரிக்கர். 1956-ல் அவர் பம்பாய்க்கு வந்து, சர்க்காரின் பிலிம்ஸ் டிவிஷனில் நம்மவர்களுக்கு இந்த வித்தையைக் கற்றுக் கொடுத்தார். அடுத்த வருஷம் ஜாதகக் கதையிலிருந்து 'ஆலமரத்து மான்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் ஒரு படமும் வந்தது. மறுபடியும் மான்தான்! ஆனால் இந்தத் தடவை நம் ஊர் மான். அவரிடம் கற்றவர்களில் ராம் மோஹன் என்பவர் சென்னைச் சர்வகலாசாலையில் ரஸாயனம் படித்தவர். இந்திய அனிமேஷனின் தந்தை என்று இன்று அவரைச் சொல்லுகிறார்கள். ஜப்பானியருடன் சேர்ந்து 1992-ல் ராமாயணத்தைப் படமாக்கியவர்களில் அவரும் ஒருவர். பள்ளிக்கூடம் போக ஆசைப்படும் 'மீனா' என்ற கிராமத்துச் சிறுமியை யூனிஸெப் ஸ்தாபனத்துக்காகச் சித்திரமாக உருவாக்கியவரும் அவரே. 2014-ல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2019-ல் காலமானார். அவர் காலத்தில் வாத்தியார் கடல் கடந்து வரவேண்டியிருந்தது. இப்போது ஆமதாபாத்தில், 1961-ல் ஏற்பட்ட தேசிய வடிவமைப்புக் கலாசாலையிலும், பம்பாய் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஐ.டி.ஸி. பள்ளியிலும் மேல்பட்டப் படிப்பாகவே இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சென்னைத் தரமணியில் நம் மாகாண சர்க்காரின் திரைப்படக் கலாசாலை பட்டப் படிப்பு வரையில் நடத்துகிறது.

பிரவேசப் பரீக்ஷைக்கு முன்னால் தன் வேலைகளைத் தொகுத்து வைக்க வேண்டுமென்று அந்தப் பெண் ஒரு சின்னப் படம் செய்தாள். எதனால் தெரியுமா? உப்பால்.

ஒரு பழைய பலகைக்குக் கறுப்பு வர்ணம் பூசினாள். இரண்டு செங்கல்லுக்கு நடுவே கட்டையைக் கட்டி, அதில் தன் டெலிபோனைக் குப்புறப் பொருத்தினாள். பலகையில் உப்பைத் தூவி, கோழி இறகாலும் தென்னங்குச்சியாலும் ஒதுக்கி ஒதுக்கி உருவம் செய்வாள். ஒரு படம் பிடிப்பாள். பிறகு ஒரு கை, ஒரு கால் என்று கொஞ்சம் நகர்த்தி, மறுபடியும் ஒரு படம். உப்புக் குவியல் ஒரு பெண் பிள்ளையாகிறது, அவள் குனிகிறாள், நிமிரும்போது நாரையாயிருக்கிறாள், நாரை சிறகை விரித்தால் அது பாயாகிப் படகு ஓடுகிறது. அரை நிமிஷந்தான், 360 தடவை நகர்த்தியிருக்கிறாள். காலை பத்து மணிக்கு முன்னும் மாலை நாலு மணிக்குப் பின்னும் வேலை நடக்காது. கடற்காற்றின் ஈரத்தில் உப்பு கசிந்து, இறகில் ஒட்டிக்கொள்ளும். ஆகையால் உச்சி வெயிலில், மின்விசிறி போடாமல் (போட்டால் படகு பறந்துவிடும்!) பதினோரு நாள் செய்தாள். அவள் தாயாருக்கு ஒரே ஒரு ஆட்சேபம். பலகையில் கிடந்த உப்பை அடுப்பங்கரைக்குள் சேர்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

இது ஏதோ பட்டிக்காட்டு விளையாட்டு என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. தாதாஸாகேப் பால்கே 1915-லேயே தீக்குச்சிகளை நகர்த்திப் படம் பிடித்தார். அமெரிக்காவில் ஹார்வர்டில் படித்துக் கொண்டிருந்த காரலின் லீப் என்ற பெண், கண்ணாடிமேல் மணலைப் பரப்பி, கீழேயிருந்து விளக்கு வைத்து, 1969-ல் ஒரு படம் செய்தாள். அவளுடைய மாணவப் பருவத்து முயற்சி அது. பின்னால் கானடா தேசத்துக்குப் போய் உலகப் புகழ் பெற்றாள். ஆமதாபாத் கலாசாலையில் படித்த இஷு பட்டேல் என்ற குஜராத்திக்காரரும் அதே கானடாவில், 1977-ல், ஆயிரக்கணக்கான பாசிமணிகளை நகர்த்தி ஒரு படம் எடுத்தார். அது ஆஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்டது. தீக்குச்சி, மணல், பாசிமணி. எக்கியார்குப்பத்துப் பெண் இவர்களில் ஒருவரைப் பற்றியும் கேள்விப்படாமலே உப்பை எடுத்துக் கொண்டிருக்கிறாள். மேல்படிப்பு எதற்கு என்றால், இதற்குத்தான். தன்னைப் போல் யார் யார் எங்கெங்கே முயன்றார்கள் என்று தெரிந்து கொள்வதற்கு.

சிநேகிதர் இந்த வாதத்தில் மயங்கிவிடவில்லை. "எல்லாம் சரிங்க ஐயா. சோறு?" என்றார்.

நியாயமான கேள்வி. புதுச்சேரியிலும் காட்சிகள் எடுத்த 'லைப் ஆப் பை' என்ற படம் 2012-ல் வந்ததே, அதில் வரும் புலியில் பெரும்பகுதி கம்ப்யூட்டர் சிருஷ்டி. அந்த வேலையைச் செய்த அமெரிக்கக் கம்பெனிக்குப் பம்பாயிலும் ஹைதராபாத்திலும் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரியில் அந்தப் புலிக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. பரிசு கிடைப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னாலேயே கம்பெனி திவால் மனுக் கொடுத்துவிட்டது! சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள ஸ்டூடியோக்களில் பெரும்பாலான வேலை இந்த ரகந்தான். கதை அந்நிய நாட்டில் பிறக்கும். பிரதான சித்திரங்கள் அங்கே தீர்மானமாகும். இடைப்பட்ட சில்லறை வேலைகள் இங்கே வந்து சேரும். பருத்தியை இங்கே எடுத்துக்கொண்டு போய்த் துணியாகத் திருப்பி விற்ற பழைய கதை நமக்கு ஞாபகம் வந்தது. இப்போது எடுத்துப் போவது விரல்களின் உழைப்பு. அந்தச் சில்லறை வேலையையும் தானாகவே எழுதித் தள்ளும் யந்திரங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஆகவே ஆறு மாதத்தில் மென்பொருள் பழக்கிக் கொடுத்து உத்தியோகம் நிச்சயம் என்று விளம்பரம் செய்கிற பயிற்சிக் கூடங்களில் பணத்தைக் கட்டுவதைவிட, அதை இஞ்சினில் போடலாம் என்பது நம் அபிப்பிராயம். நேரடியாகவே சொன்னோம். ஆனால் தானே கதை யோசித்து, தானே ஒரு முழுப் படம் செய்து முடிக்கப் பழக்கும் படிப்பு வேறு வகை. யந்திரம் வந்தால் முதலில் வேலை இழப்பவன் இடைச்சித்திரம் எழுதுகிறவன். கதை யோசிக்கிறவனிடம் அது கடைசியாகத்தான் வந்து சேரும்.

ஒரு வருத்தத்தையும் இங்கே சொல்லிவிடுகிறோம். ஐ.ஐ.டி.க்குப் போவதற்கு 'ஸீட்' என்னும் பரீக்ஷை எழுத வேண்டும். அதன் கேள்வித்தாள் இங்கிலீஷில்தான் வருகிறது. நாற்காலி நிழல் எந்தப் பக்கம் விழும் என்பதைக் கண்டுபிடிக்க இங்கிலீஷ் எதற்கு? கடற்கரையில் வளர்ந்த குழந்தைக்கு நிழலைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கேள்வி புரிந்தால் போதும்.

பெண் இரண்டு இடத்துக்கும் எழுதிப் போட்டாள். ஆமதாபாத்தில் இடம் கிடைத்தது. அதன்பின் பாங்கிக்குப் போனோம். எந்தப் பாங்கி என்பது வேண்டாம். அங்கிருந்த உத்தியோகஸ்தர் மனுவைப் பார்த்து, "கார்ட்டூனா?" என்று கேட்டுவிட்டு, நிலப் பத்திரம் உண்டா என்று விசாரித்தார். ஏழரை லட்ச ரூபாய் வரையில் கல்விக் கடனுக்குச் சொத்து ஜாமீன் இல்லாமலே இந்திய சர்க்காரின் உத்தரவாதத் திட்டம் ஒன்று இருக்கிறது. அந்த விவரத்தை நாம் அச்சிட்ட காகிதமாகவே கையில் கொண்டு போயிருந்தோம். நேயர்களில் யாருக்காவது இப்படிச் சந்தர்ப்பம் நேர்ந்தால் அவர்களும் காகிதத்தோடு போவது உத்தமம். மூன்றாவது தடவை போனபோது மனுவை வாங்கிக் கொண்டார்கள். மீதிக்கு இஞ்சின் பணத்தில் பாதி போயிற்று. பழைய இஞ்சினைப் பிரித்துப் பழுது பார்த்து, இன்னும் இரண்டு வருஷம் ஓட்டிக் கொள்வதாகச் சிநேகிதர் முடிவு செய்தார். நடுக்கடலில் அது நின்றால் என்ன செய்வது என்று அவர் மனைவி கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை.

ஆமதாபாத் என்றால் எங்கே என்று சிநேகிதர் கேட்டார். சபர்மதி ஆற்றங்கரையிலுள்ள ஊர் என்றோம். கலாசாலையும் அந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறது என்றோம். 1930 மார்ச் 12-ந் தேதி மகாத்மா அங்கிருந்து நடந்து தண்டிக் கடற்கரைக்கு உப்பெடுக்கப் போனதையும், அடுத்த மாதத்தில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததையும் சொன்னோம். உப்புக்காக ஜெயிலுக்குப் போனவர்களைப் பற்றித் தம் பாட்டனார் சொல்லக் கேட்டிருப்பதாக அவர் கூறினார். பிறகு எழுந்து வலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சென்னை சென்ட்ரலிலிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் வாங்கியாகிவிட்டது. ஒரு பகலும் ஒரு இரவும் போதாத பிரயாணம். நாம் விடை பெற்றுக்கொண்டு புறப்பட்ட போது, வஞ்சிரக் கருவாட்டை எத்தனை காகிதம் சுற்றினால் ரயிலில் பக்கத்தில் உட்காரும் குஜராத்திக்காரர்களுக்கு வாசனை தெரியாமலிருக்கும் என்று தாயாருக்கும் பெண்ணுக்கும் பெரிய தர்க்கம் நடந்து கொண்டிருந்தது.