சுவருக்குள் இருக்கும் காற்று

மன்னார்த் தீவில் வீடு கட்டுகிறவர்கள் சீமெந்து விலையைப் பற்றிப் பேசுவார்கள். கதவு நிலைக்கு வேம்பா முதிரையா என்று ஒரு மாதம் விவாதிப்பார்கள். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. லண்டனில் இருக்கும் என் மனைவியின் நானா ஒரு படம் அனுப்பியிராவிட்டால் அந்தக் கேள்வி எனக்கும் வந்திருக்காது. அவர் வீட்டின் வெளிச்சுவரில் வரிசையாகத் துளையிட்டு, குழாய் வைத்து, பஞ்சு போன்ற ஒன்றை உள்ளே ஊதிக்கொண்டிருந்தார்கள். "மச்சான், நாங்க குளிருக்கு அடைக்கிறம். நீங்க சூட்டுக்கு அடைச்சா என்ன?" என்று கேட்டிருந்தார்.

இங்கிலாந்தில் பழைய வீடுகள் பலவற்றின் சுவர் ஒன்றல்ல, இரண்டு. நடுவில் இரண்டு அங்குலம் அளவில் இடைவெளி. மழைக்காகத் தொடங்கிய ஏற்பாடு அது. வெளிச்சுவர் நனைந்தாலும் ஈரம் இடைவெளியைத் தாண்டாது. 1970களில் எரிபொருள் விலை ஏறியபோதுதான் அந்த இடைவெளியைக் கண்ணாடிப் பஞ்சாலும் நுரையாலும் நிரப்பும் வழக்கம் பரவியது. காற்றோடு மழை அடிக்கும் பகுதிகளில் அந்த நிரப்பலே ஈரத்தை உள்ளே கடத்தி, சுவரில் பூஞ்சணம் பிடிக்க வைத்ததும் உண்டு. வெறும் காற்று செய்த வேலையைப் பஞ்சு கெடுத்துவிட்டது.

மச்சானின் கேள்வியை நான் பகிடியாக எடுத்துக்கொள்ளவில்லை. காரணம் உம்மா. 2024 மார்ச், ஏப்ரலில் வளிமண்டலவியல் திணைக்களம் வெப்ப எச்சரிக்கை விடுத்துக்கொண்டிருந்த நாட்களில், இஷாவுக்குப் பிறகு உம்மா பாயை எடுத்துக்கொண்டு முற்றத்து மணலில் போய் இருப்பார். பதினொரு மணிக்கு முன் உள்ளே வரமாட்டார். வந்தாலும் உறக்கம் இல்லை. பிரஷர் குளிசை குடிக்கிற எழுபத்துமூன்று வயது மனுசி. ஒருநாள் சுபஹுக்கு எழும்பும்போது தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "செவரும் கொதிக்குது வாப்பா" என்றார். அதிகாலை ஐந்து மணிக்கு.

அது வீடமைப்பு உதவியும் எங்கள் சேமிப்பும் சேர்ந்து எழும்பிய வீடு. ஆறு அங்குலச் சீமெந்துக் கல், மேலே அஸ்பெஸ்டஸ் சீட். மேற்குப் பக்கம் ஒரு மரமும் இல்லை. பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து ஒரு வெப்பமானியை இரவல் வாங்கி, குமிழைச் சுவரோடு ஒட்டி, மேலே துணி வைத்துக் கட்டினேன். நேர்த்தியான முறையல்ல, ஆனால் ஒரு சுவரை இன்னொரு சுவரோடு ஒப்பிட அது போதும். மாலை ஆறு மணிக்கு வெளிக்காற்று 31 பாகை. கிழக்குச் சுவரின் உட்புறம் 32. உம்மா படுக்கும் அறையின் மேற்குச் சுவர் 37. இரவு ஒன்பதுக்கும் அது 35க்குக் கீழே இறங்கவில்லை. பகல் முழுவதும் குடித்த சூட்டைச் சுவர் இரவில் கக்குகிறது.

அடுத்து, சுவரைத் தட்டிப் பார்த்தேன். சில இடத்தில் 'டொக்' என்றது, சில இடத்தில் 'தம்' என்றது. எங்களுடையது நடுவில் இரண்டு ஓட்டை உள்ள கல். தட்டு அடிக்கத் துளைத்த இடங்களில் ஒரு சைக்கிள் கம்பியை விட்டுப் பார்த்தேன். சில ஓட்டைகளில் கம்பி தாராளமாகப் போனது. சிலவற்றில் சாந்து விழுந்து அடைத்திருந்தது. மேசன் வேலையில் இது சாதாரணம். ஆனால் விழுந்த சாந்து சூட்டுக்குப் பாலம் போடுகிறது.

ஆசிரியர் கலாசாலையில் வெப்ப இடமாற்றத்தை மூன்று சொல்லில் படித்தோம்: கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுக்கிறேன். அசையாத காற்றைவிட இறுகிய கொங்கிரீட்டு நாற்பது மடங்குக்கும் மேலாகச் சூட்டைக் கடத்தும். ஆகவே ஓட்டைக்குள் இருக்கும் காற்று நல்ல காவலிதான். சூடு மடத்தனமாக ஓட்டையைத் தாண்டப் பார்ப்பதில்லை என்பதுதான் சிக்கல். கல்லில் ஓட்டைகளுக்கிடையே சீமெந்துத் தடுப்புகள் இருக்கின்றன. அது அந்த வழியாக நடந்து வந்துவிடும். ஓட்டையை எதனால் நிரப்பினாலும் அந்தப் பாதை திறந்தேதான் கிடக்கும். கட்டுக்கரைக்குளத்துப் பக்கம் உமி கிடைக்கும், மரத்தூளும் கிடைக்கும். ஆனால் ஈரமும் கறையானும் இரண்டையும் விடாது. மணலை நிரப்பினால் காற்றைவிட மோசம். மச்சானுக்கு அப்படியே எழுதிவிட்டேன்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு வேறு வழி உண்டு. கேரளத்தில் லோரி பேக்கர் 1970களிலிருந்து செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டினார். எலிப்பொறிக் கட்டு என்பார்கள். கல்லில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மிச்சம், சூடும் குறைவு. இங்கே செங்கல் பெருநிலத்திலிருந்து பாலம் தாண்டி வரவேண்டும் என்பதால் அதை யாரிடமும் துணிந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அரிப்பில் இடிந்து நிற்கும் தேசாதிபதி நோர்த்தின் மாளிகையை, நம்மவர்கள் அல்லிராணிக் கோட்டை என்கிறார்களே, அதைப் போய்ப் பாருங்கள். கனத்த செங்கற் சுவர், மேலே சிப்பிச் சுண்ணாம்புச் சாந்து. அவருக்கு முத்துக்குளிப்பு வருமானம் இருந்தது.

எங்களுக்கு மிஞ்சியது வெளியே செய்யக்கூடிய வேலை. சுவருக்குள் காற்றை வைக்க முடியாவிட்டால் சுவருக்கு முன்னால் வைக்கலாம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பனையோலைத் தட்டி நிறுத்தினால் வெயில் ஓலையில் விழும். இடையில் சூடாகும் காற்று மேலே போய்விடும், கீழிருந்து புதுக்காற்று ஏறும். அதுவும் ஓர் இரட்டைச் சுவர்தான். செலவு ஓலைக்கும் கயிற்றுக்கும் நாலு கம்புக்கும் மட்டும்.

உம்மாவிடம் சொன்னேன். அவர் பாய் இழைத்துக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தவில்லை.

"இருவது வருஷம் ஓலைக்குள்ள கிடந்தது காணாதா? கல்லு வூட்டுக்கும் ஓலை சுத்தப் போறியா?"

1990 ஒக்டோபர் இறுதியில் தீவிலிருந்து எங்களை வெளியேற்றியபோது எனக்கு ஒன்பது வயது. வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போய் இறங்கினோம். பிறகு புத்தளத்தில் முகாம். கிடுகுக் கூரை, கிடுகுச் சுவர். மழைக்காலத்துக்கு முன் ஓலை மாற்றக் காசு இருக்காது. அடுத்த குடிசையில் இருமினால் எங்கள் குடிசையில் கேட்கும். என் ராத்தா வயதுக்கு வந்தபோது, அந்த ஓலைச் சுவரின் ஓட்டைகளை உம்மா தன் பழைய சேலையால் ஒவ்வொன்றாக அடைத்தது எனக்கு நினைவிருக்கிறது. வாப்பா அந்த ஓலைக்குள்தான் மவுத்தானார். 2009க்குப் பிறகு திரும்பி வந்து, கல்வீட்டின் அத்திவாரத்தில் தண்ணீர் தெளித்த அன்று உம்மா அழுதார். சுவர் என்றால் கல் என்பது அவருக்குப் பௌதிகம் அல்ல.

ஓலைக்குள் சூடு குறைவு என்று நான் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. என்னைவிட அவருக்குத் தெரியும். தெரிந்தும் வேண்டாம் என்கிறவரிடம் வெப்பமானியைக் காட்டி என்ன பயன்? அதன் பிறகு ஒரு மாதம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மேற்குச் சுவருக்கு வெளியே வெள்ளைச் சுண்ணாம்பு மட்டும் இரண்டு தரம் அடித்தேன். ஆறு மணிக்கு 37 இருந்தது 35க்கு இறங்கியது.

அதைக் கவனித்தது உம்மாதான். மஃரிபுக்கு ஒளுச் செய்ய வரும்போது சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து, "பின்பக்கம்தானே, ரோட்டுக்குத் தெரியாதுதானே?" என்று கேட்டார். பிறகு நிபந்தனைகள். பழைய ஓலை கூடாது. கிடுகு கூடவே கூடாது, பனையோலைதான். சட்டம் அடித்து, ஓரம் வெட்டி, பார்வையாக இருக்கவேண்டும். கந்தூரிக்கோ கலியாணத்துக்கோ ஆட்கள் வந்தால் கழற்றி வைக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். ஓரத்தை இழைத்துக் கட்டியது அவரேதான். நான் கட்டிய முடிச்சு சோளகக் காற்றுக்கு நிற்காதாம்.

யன்னலை மறைக்காமல் இரண்டு தட்டி நிறுத்தினோம். இப்போது ஆறு மணிக்கு அந்தச் சுவர் 32, சில நாளில் 33. உம்மா பத்து மணிக்கு உள்ளே வந்துவிடுகிறார். இந்த ஊர்க் கழுதைகள் தட்டியின் அடிப்பக்கத்தைக் கடித்துவிட்டதால் கீழே முள்ளுக்கம்பி கட்டியிருக்கிறேன்.

இனிக் கூரை. எங்கள் வெப்பத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் இறுதியிலும் சூரியன் இந்தத் தீவுக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அஸ்பெஸ்டஸ் சீட்டைத் துளைக்கவோ வெட்டவோ எனக்கு விருப்பமில்லை. அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. சீட்டைத் தொடாமல் கீழே ஒரு சீலிங் அடித்து, இரண்டு முகட்டுச் சுவர்களிலும் காற்றுப் போக வழி விட்டால் போதும். பலகைக்குக் காசு சேரவேண்டும். மலிவாகப் பனையோலைப் பாயைக் கட்டலாம் என்று மனைவி சொல்கிறாள். உம்மாவிடம் அதை யார் சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை.