வித்தை காட்டப் போகும் பிள்ளைகளும் அவர்களின் உம்மா வாப்பாமாரும் வாசிக்க



ஒக்டோபர் 1ஆம் திகதி சிறுவர் தின நிகழ்ச்சிக்காக எமது பாடசாலையில் ஆறு பிள்ளைகள் கைவித்தை பழகுகிறார்கள். தரம் 7 முதல் தரம் 10 வரை படிப்பவர்கள். அவர்களுக்குப் பொறுப்பாக ஆசிரியர்கள் மூன்று பேர் இருக்கிறோம். எங்களில் எவரும் வித்தைக்காரர் அல்ல. ஒருவர் விஞ்ஞானம், ஒருவர் தமிழ், ஒருவர் உடற்கல்வி. ஊருக்குள் காண்கிறவர்கள் எங்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். முதலாவது, "இதெல்லாம் கூடுமா?" இரண்டாவது, "வீட்ல எங்களுக்குச் செய்து காட்டக்குள்ள நல்லாத்தான் இருக்கு, மேடையில ஏறினா ஏன் குழம்பிப் போறான்?" நின்ற நிலையில் இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், ஆறுதலாக வாசியுங்கள்.

முதல் கேள்வியை எங்களிடம் நேராக வந்து கேட்டவர் ஒரு வாப்பா. முச்சக்கரவண்டி ஓட்டுபவர். "சேர், மெஜிக் எண்டா சிஹ்ருதானே? எண்ட மகன அதுல இருந்து எடுத்துடுங்க" என்றார். சண்டை பிடிக்க வந்தவர் அல்ல, பயந்து போய் வந்தவர். அவருடைய மகன் தரம் 9. வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொன்னால் சத்தம் முதல் மேசையைத் தாண்டாது. பேச்சுப் போட்டி, கிராஅத், விவாதம் என்று எதற்கும் அவன் பெயர் கொடுத்ததில்லை. யாரும் சொல்லாமல் தானாக வந்து பெயர் கொடுத்தது இந்தக் கைவித்தைக்குத்தான். ஆகவே வாப்பாவின் பயத்தையும் தள்ளிவிட முடியாது, பிள்ளையையும் அனுப்பிவிட மனம் வரவில்லை. ஒரு கிழமை தவணை கேட்டோம்.

மார்க்கத் தீர்ப்புச் சொல்வது எமது வேலையல்ல. இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதும் தெரியும். பள்ளிவாயல் மௌலவியை அழைத்து வந்து, விஞ்ஞான ஆய்வுகூடத்தில் கதிரை போட்டு இருத்தி, ஆறு பிள்ளைகளின் வித்தைகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினோம். எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் காட்டினோம். சீட்டுக்கட்டை நாங்கள் ஆரம்பத்திலேயே தொடவில்லை. பொருட்கள் காசு, கயிறு, லேஞ்சி, பழைய பத்திரிகைத் தாள் அவ்வளவுதான். அவர் பார்த்துவிட்டு நிபந்தனைகள் சொன்னார். ஜின், மறைவான அறிவு, மந்திரச் சொல் என்று எதுவும் பகிடிக்காகக்கூட வாயில் வரக்கூடாது. அடுத்தவர் மனதில் இருப்பதைச் சொல்வதாக நடிக்கக்கூடாது. இதைக் காட்டிக் காசு வாங்கக்கூடாது. தொடங்கும்போதே இது கைப்பழக்கம் என்று சபைக்குச் சொல்லிவிட வேண்டும்.

கடைசி நிபந்தனையைக் கேட்டதும் பிள்ளைகளின் முகம் வாடியது. "அதச் சொன்னா யாரு சேர் பார்ப்பாங்க?" என்றாள் தரம் 8 மாணவி. நியாயமான கேள்வி. ஆனால் மேடை நடிப்பும் பேச்சும் பற்றி நாங்கள் கற்றவற்றில் பெரும்பகுதி இந்த நிபந்தனையில் இருந்துதான் தொடங்கியது. கையில் நடப்பது ஒன்று, வாய் அதற்குக் கொடுக்கும் அர்த்தம் இன்னொன்று.

இதற்கு வரலாற்றில் ஒரு கசப்பான உதாரணம் இருக்கிறது. ரொபேர் ஊடின் என்பவர் பிரான்ஸ் நாட்டு வித்தைக்காரர், 1805இல் பிறந்தவர், மணிக்கூடு செய்யும் தொழில் கற்றவர். நவீன மேடை வித்தைக்குத் தந்தை என்று சொல்வார்கள். அவரிடம் ஒரு சிறிய பெட்டி இருந்தது. அடிப்பாகம் இரும்பு. மேடைக்குக் கீழே மின்காந்தம். மின்னைக் கொடுத்தால் பெட்டியை யாராலும் தூக்க முடியாது, நிறுத்தினால் சின்னப் பிள்ளையும் தூக்கும். பாரிஸ் நகரில் இதைக் காட்டியபோது, நினைத்த நேரத்தில் பாரமாகிவிடும் பெட்டி என்று காட்டினார். 1856இல் பிரெஞ்சு அரசு அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே மக்கள் மராபூத்துகள் எனப்படும் பெரியார்களின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு இருந்தார்கள். அவர்களைவிட பிரெஞ்சுக்காரருக்குச் சக்தி அதிகம் என்று காட்டுவதுதான் நோக்கம். அதே பெட்டி, அதே காந்தம். ஆனால் அங்கே அவர் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை. பலசாலி ஒருவரை மேடைக்கு அழைத்து முதலில் தூக்க விட்டார். பிறகு, உன் பலத்தை நான் எடுத்துவிட்டேன் என்றார். அந்த மனிதர் இழுத்துப் பார்த்தும் பெட்டி அசையவில்லை. போதாக்குறைக்குக் கைப்பிடியால் மின்னதிர்ச்சியும் கொடுத்தார். இதைத் தன் நினைவுக் குறிப்புகளில் அவரே பெருமையோடு எழுதி வைத்திருக்கிறார்.

பொருளில் ஒரு மாற்றமும் இல்லை, வசனம் மட்டும் மாறியது. ஒரு இடத்தில் அது விளையாட்டு, இன்னொரு இடத்தில் ஒரு சமூகத்தை மிரட்டும் ஆயுதம். பிள்ளைகளுக்கு இதை விஞ்ஞானப் பாடத்தோடு சேர்த்துச் சொன்னோம். ஆணி ஒன்றில் செப்புக் கம்பியைச் சுற்றி, பற்றரியில் இணைத்துக் காட்டியும் விட்டோம். மௌலவியின் நிபந்தனை ஏன் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

நமது ஊர்களிலும் மை போட்டுப் பார்க்கிறோம், செய்வினை எடுக்கிறோம் என்று வந்து, வெறும் மண்ணில் இருந்து தகடும் ஆணியும் எடுத்துக் காட்டி, நகையை விற்க வைத்துவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். கைக்குள் ஒரு காசை மறைக்கத் தெரிந்த பிள்ளைக்கு, கைக்குள் ஒரு தகட்டை மறைக்கலாம் என்பது உடனே விளங்கும். 13ஆம் நூற்றாண்டிலேயே டமஸ்கஸ் பகுதியைச் சேர்ந்த அல்-ஜவ்பரி என்ற அறிஞர், போலிச் சாமியார்கள், பொன் செய்கிறோம் என்பவர்கள், பக்தி வேடம் போடுபவர்கள் செய்யும் தந்திரங்களை எல்லாம் அவிழ்த்து அரபியில் ஒரு நூலே எழுதியிருக்கிறார். முச்சக்கரவண்டி வாப்பா இந்தச் செய்தியைத்தான் அதிக நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருவோம். வீட்டில் வரும் வித்தை மேடையில் ஏன் வருவதில்லை?

முதல் காரணம் கண். காசை வலது கையில் இருந்து இடது கைக்கு மாற்றுவது போலக் காட்டி, உண்மையில் வலது கையிலேயே வைத்துக்கொள்வது ஆரம்ப வித்தை. (எப்படி என்று இதற்கு மேல் எழுத மாட்டோம். பிள்ளைகள் கோபிப்பார்கள்.) பதற்றத்தில் பிள்ளை எங்கே பார்க்கும்? காசு இருக்கும் கையைத்தான் பார்க்கும். விழுந்துவிடுமோ என்ற பயம். பிள்ளையின் கண் போன இடத்துக்குச் சபையின் கண்ணும் போகும். அத்தோடு வித்தை முடிந்தது.

குஸ்டாவ் குன், மைக்கல் லேண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006இல் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். ஒருவர் பந்தை இரண்டு தரம் மேலே எறிந்து பிடிக்கிறார். மூன்றாம் தரம் எறிவது போலக் கையை மட்டும் உயர்த்துகிறார், பந்து கைக்குள்ளேயே இருக்கிறது. அவருடைய பார்வை மேலே போனபோது, பார்த்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பந்து மேலே போனதைக் கண்டதாகச் சொன்னார்கள். அவர் தன் கையைப் பார்த்தபோது அந்தத் தொகை ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிட்டது. இரண்டு தடவையும் கை செய்தது ஒன்றுதான்.

ஆகவே எமது பிள்ளைகளுக்கு இரண்டு கிழமை நாங்கள் விரலைப் பழக்கவில்லை. வெறும் கையில் காசு இருப்பதாக நம்பி அதைப் பார்க்கப் பழக்கினோம். முதலில் உண்மையாகவே காசை இடது கைக்கு மாற்றச் சொல்லி, அப்போது கண்ணும் தலையும் தோளும் எப்படிப் போகின்றன என்று போனில் பதிவு செய்தோம். பிறகு மாற்றாமல் செய்யச் சொல்லிப் பதிவு செய்தோம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிள்ளைக்கே விளங்கிவிடுகிறது. கண்ணாடி முன்னால் மட்டும் பழகினால் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டும். கள்ள வேலை நடக்கும் கணத்தில் தன்னை அறியாமல் கண்ணைச் சிமிட்டிவிடுவார்கள், தாங்கள் சிமிட்டுவது தங்களுக்கே தெரியாது. போன் காட்டிக் கொடுத்துவிடும்.

அடுத்தது பேச்சு. "இப்ப எண்ட கையில ஒரு காசு இருக்கு, இப்ப இதை மற்றக் கைக்கு எடுக்கிறன்" என்று நேர்முக வர்ணனை செய்வது எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ள நோய். சபைக்குக் கண் இருக்கிறது, அது தெரிகிறது. அதைவிட மோசம், "இது சாதாரண லேஞ்சி" என்று சொல்வது. அதுவரை சந்தேகப்படாதவனும் அப்போதுதான் லேஞ்சியை உற்றுப் பார்ப்பான். சொல்லாமல் அதால் மூக்கைத் துடைத்துவிட்டுத் தொடங்கினால் யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. முழுப் பேச்சையும் பாடமாக்க வேண்டாம் என்றோம். முதல் வசனமும் கடைசி வசனமும் மட்டும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும்.

முதல் வசனத்தில்தான் அந்த நிபந்தனை வந்து நிற்கிறது. "இது மந்திரம் அல்ல, கைப்பழக்கம் என்பதைத் தாழ்மையுடன் அறியத் தருகிறோம்" என்று தமிழாசிரியர் அழகாக எழுதிக் கொடுத்தார். பிள்ளைகள் மரண அறிவித்தல் போல வாசித்தார்கள். பிறகு அவரவர் சொந்த வாயால் சொல்லச் சொன்னோம். தரம் 9 மாணவன் சொன்னது இது: "மந்திரம் ஒண்டும் இல்ல, கைதான். நான் உங்கள ஏமாத்தப் போறன். சொல்லிட்டுத்தான் ஏமாத்துறன். ஏலுமெண்டா பிடிங்க." வகுப்பே கதிரையை முன்னுக்கு இழுத்தது. உண்மையைச் சொன்னால் யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த பதில் அதுதான்.

மூன்றாவது, அவசரம். காசு மறைந்ததும் பிள்ளை அடுத்த வித்தைக்கு ஓடுகிறது. சபை வியந்து முடிக்க நேரம் வேண்டும். மனதுக்குள் மூன்று எண்ணு, கையை அப்படியே வை, சிரி, கை தட்டினால் வாங்கிக்கொள், பிறகு அடுத்தது. முடிவும் அப்படித்தான். 1956 ஏப்ரலில் இந்திய வித்தைக்காரர் பி.சி. சர்க்கார் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒரு பெண்ணை வாளால் இரண்டாக அறுப்பது போலக் காட்டினார். அவள் எழும்புவதைக் காட்டும் முன்பே நேரம் முடிந்து நிகழ்ச்சி நின்றுவிட்டது. பெண் இறந்துவிட்டாள் என்று நினைத்துப் பார்த்தவர்கள் தொலைபேசியில் நிலையத்தை மொய்த்துவிட்டார்கள். கடைசியாகக் கண்டதைத்தான் ஆட்கள் வீட்டுக்குக் கொண்டு போகிறார்கள். எமது பிள்ளைகள் பொருட்களை அள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடுவதைக் கடைசிக் காட்சியாகக் கொடுக்கிறார்கள்.

சில்லறை விடயங்களும் உண்டு. பத்து ரூபாக் குற்றி பின்வரிசைக்குத் தெரியாது, ஆகவே மண்டபத்தில் கயிறும் பெரிய லேஞ்சியும்தான். கையை வயிற்றோடு வைக்காமல் நெஞ்சுக்கு மேலே பிடிக்க வேண்டும். ஒரு கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு வித்தை செய்ய முடியாது, ஸ்டாண்ட் வேண்டும் என்று அதிபரிடம் கேட்டிருக்கிறோம். சபையில் இருந்து ஒருவரை அழைத்தால் அவரை வைத்துப் பகிடி பண்ணக்கூடாது, மரியாதையாக அழைத்து மரியாதையாக அனுப்ப வேண்டும்.

பிழைத்துவிட்டால்? என்ன நடக்கப் போகிறது என்று முன்கூட்டிச் சொல்லாதவனுக்குப் பிழைத்தது சபைக்குத் தெரியாது. தெரிந்துவிட்டாலும் உலகம் முடிவதில்லை. டொமி கூப்பர் என்ற பிரித்தானிய வித்தைக்காரர் வித்தை பிழைப்பதையே வித்தையாக்கிப் புகழ் பெற்றவர். இரண்டாம் உலகப் போரில் எகிப்தில் இருந்தபோது பழகிய துருக்கித் தொப்பியை வாழ்நாள் முழுவதும் மேடையில் அணிந்தார். 1905இல் நமது சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் நீதிமன்றத்தில் கழற்ற மறுத்தாரே, அதே வகைத் தொப்பிதான். பிள்ளைகளுக்கு இந்தத் தகவல் ஏனோ மிகவும் பிடித்துப் போய்விட்டது.

போன கிழமை காலைக் கூட்டத்தில் ஒத்திகை பார்த்தோம். தரம் 9 மாணவனின் கையில் இருந்து காசு விழுந்து, சீமெந்துத் தரையில் சத்தம் போட்டு உருண்டது. முழுப் பாடசாலையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவன் ஆறுதலாகக் குனிந்து எடுத்து, ஊதி, "இதுக்கு மறைய விருப்பமில்ல போல" என்றான் மைக்கில். சிரிப்பு அடங்கும் வரை நின்றான். பிறகு செய்தான், காசு போய்விட்டது.

அடுத்த நாள் வாப்பா வந்தார். இந்த விடயத்தில் அவருக்கு இன்னும் முழு மனம் வரவில்லை, அதை மறைக்கவும் இல்லை. பிள்ளையை எடுக்கச் சொல்லி மட்டும் கேட்கவில்லை. "நேத்து கேற்றடியில நிண்டன் சேர். மகன்ட சத்தம் ரோட்டுக்குக் கேட்டிச்சு" என்று சொல்லிவிட்டு, ஹயர் இருக்கிறது என்று போய்விட்டார்.

இனி எங்களுக்குத் தேவை ஆட்கள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் பாடசாலை விட்ட பிறகு பிரதான மண்டபத்தில் ஒத்திகை நடக்கும். பெண் பிள்ளைகளுக்கு உம்மாமார் முன்னிலையில் தனியாக. உம்மா வாப்பாமார் நாலைந்து பேர் வந்து பின்வரிசையில் இருந்து, சத்தம் கேட்கிறதா, கை தெரிகிறதா என்று சொன்னால் போதும். பழைய பெரிய லேஞ்சிகள் இருந்தால் கொண்டு வாருங்கள். காசு எங்கே போனது என்று மட்டும் பிள்ளைகளிடம் கேட்காதீர்கள்.