எழுத்தும் இயந்திரமும்

எழுத்து என்பது யாது என்ற வினாவோடுதான் நம் இலக்கணக் கல்வி தொடங்குகிறது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. ஆண்டுதோறும் நான் கரும்பலகையில் எழுதிக் காட்டும் இக்கணக்கு, தேர்வோடு முடிந்துவிடுவதன்று. இதனை எனக்கு உணர்த்தியவர், பீளமேட்டில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரியும் என் பழைய மாணவர்.

ஒருநாள் அவர் ஒரு பெயர்ப்பட்டியலைக் கொணர்ந்தார். தந்தை பெயரின் முதலெழுத்தைக் கணிப்பொறியே எடுத்துப் பிள்ளையின் பெயருக்கு முன் இடும்படி நிரல் எழுதியிருந்தனர். முகமது, மீரான், மாரிமுத்து, மோசே ஆகிய நால்வரின் மக்களுக்கும் ஒரே தலைப்பெழுத்து விழுந்திருந்தது: 'ம'. மாணவர் தம் தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021-இல் அரசு ஆணையிட்டிருக்க, இதனைச் சிறு பிழையென ஒதுக்க இயலுமா? தந்தையின் பெயரே அன்றோ சிதைகிறது!

"ஏனுங்க ஐயா, 'மு' ஓரெழுத்துத்தானுங்களே? இயந்திரம் இரண்டு என்கிறதுங்களே!" என்றார் அவர்.

எழுத்துகளைக் கோத்த வரிசையைக் கணிப்பொறியாளர் 'சரம்' என்பர். பைத்தான் மொழியில் சரத்தின் இடங்களைச் சுழியத்திலிருந்து எண்ணுவர். 'பீளமேடு' என்பதில் நமக்கு 4 எழுத்துகள். பைத்தானுக்கோ 7 குறிகள். முதலிடத்தைக் கேட்டால் 'ப' மட்டுமே வரும். ஈகாரக் குறி அடுத்த இடத்தில் தனித்து நிற்கும்.

காரணம், 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் அமைப்பு. 'க்' என்னும் மெய்யோடு அகரம் சேர்ந்து 'க' பிறக்கும் என்பது நம் இலக்கணம். ஒருங்குறியிலோ 'க' ஒற்றைக் குறி. அதன்மேல் புள்ளி சேர்ந்தே 'க்' பிறக்கும். இதனால் 247 எழுத்துகளுள் 31 மட்டுமே ஒற்றைக் குறியின. எஞ்சிய 216-க்கும் இவ்விரண்டு குறிகள் வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் தரும் குறியாக்கத்தைத் தமிழக அரசு 2010-இல், நம் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த வேளையில், ஒருங்குறிக்கு மாற்றாக ஏற்றது. எனினும் இன்று பெருவழக்கில் உள்ளது ஒருங்குறியே.

எழுத்தை மாற்றுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. பைத்தானின் சரம் கட்டி முடித்த மாலை போன்றது. இடையில் ஒரு பூவை மட்டும் மாற்ற விடாது. புதுமாலையே கட்ட வேண்டும். 'பீளமேடு' என்பதோடு 'இல்' சேர்ப்பவர், உகரக் குறியை நீக்கி இகரக் குறியிட்டால் 'பீளமேடில்' என்றாகும். நெடில்தொடர்க் குற்றியலுகரத்தில் டகர ஒற்று இரட்டும் என்று அறிந்தவரே 'பீளமேட்டில்' என்று கட்டுவர்.

தீர்வு எளிது. ஒரு குறியை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ நின்றால், இரண்டையும் ஓரெழுத்தாகக் கொள்க. 'க்ஷ', 'ஸ்ரீ' போன்ற கூட்டெழுத்துகளுக்கு மட்டும் தனி விதி வேண்டும். 'ஓப்பன் தமிழ்' என்னும் கட்டற்ற நிரல்தொகுப்பும் இவ்வாறே எழுத்துகளைப் பிரித்துத் தருகிறது. நான் விதியைச் சொன்னேன், மாணவர் நிரலாக்கினார். மு, மீ, மா, மோ என நால்வரும் தத்தம் எழுத்தைப் பெற்றனர்.

மாணவச் செல்வங்களே, இலக்கணம் படித்து என்ன பயன் என்று கேட்போர் உளர். இயந்திரத்துக்குத் தமிழ் கற்பிக்க நிரல் அறிவு மட்டும் போதாது, நன்னூலும் வேண்டும். தமிழ்த்துறையின் கதவைக் கணிப்பொறித் துறையார் தட்டட்டும். அவர்தம் கதவை நீங்களும் தட்டுங்கள்.