பொத்தானை அழுத்தினால் காப்பி

இரணியலில் ஒரு வீட்டில் தினமும் காலை நாலரை மணிக்குக் காப்பி போட வேண்டும். யார் போடுவது? இதுதான் பிரச்சினை. இதற்குத் தீர்வாக வந்து சேர்ந்தது பத்து கிலோ எடையுள்ள ஒரு இயந்திரம்!

அந்த வீட்டு ஆச்சிக்கு எழுபத்தெட்டு வயது. நாலரைக்கு விழிப்பு வந்துவிடும். விழித்தவுடன் காப்பி வேண்டும். ஐம்பது வருடமாக அவரேதான் எழுந்து, டிக்காக்‌ஷன் இறக்கி, தானும் குடித்துவிட்டு மற்றவர்களுக்கும் போட்டு வைப்பார். இரண்டு வருடமாகக் கை நடுக்கம். ஒருநாள் கொதித்த பால் பாத்திரம் நழுவிக் காலில் கொட்டிவிட்டது. இனி அடுப்புப் பக்கமே போகக்கூடாது என்று எல்லோரும் சேர்ந்து சொல்லிவிட்டார்கள். மருமகள் தக்கலைக்கு வேலைக்குப் போகிறவர், இரவு படுக்கவே பதினொன்று ஆகும். ஆச்சி அவரை எழுப்ப மாட்டார். இருட்டில் ஆறு மணி வரை கட்டிலில் சும்மா உட்கார்ந்திருப்பார். கேட்டால், "எனக்கு இப்பம்லாம் காலம்பற காப்பி குடிக்கத் தோணல மக்களே" என்பார். யாரும் அதை நம்பவில்லை.

வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனுக்கு இது தெரிந்ததும், அடுத்த விடுமுறைக்கு வரும்போது முழுத் தானியங்கி காப்பி இயந்திரம் ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தார். விமானத்தில் அனுமதித்த முப்பது கிலோவில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போய்விட்டது. விலையை ஆச்சியிடம் யாரும் சொல்லவில்லை. இந்த வகை இயந்திரங்கள் சுமார் ஐம்பதாயிரம் ரூபாயில் தொடங்கிச் சில லட்சம் வரை போகின்றன. சொல்லியிருந்தால் அன்றே திருப்பி அனுப்பியிருப்பார்!

இத்தனை பணத்துக்கு அந்தப் பெட்டி அப்படி என்னதான் செய்கிறது?

காப்பிக் கொட்டையை மேலே கொட்ட வேண்டும், தண்ணீரைத் தொட்டியில் நிரப்ப வேண்டும். மற்றதை அது பார்த்துக்கொள்ளும். முதலில் உள்ளே இருக்கும் இரண்டு அரைவட்டுகள் அந்த ஒரு கோப்பைக்கு மட்டும் கொட்டையை அரைக்கும். சில நிறுவனங்கள் எஃகு வட்டு வைக்கின்றன, சில பீங்கான் வைக்கின்றன. அரைத்த தூள், ஏழு கிராமோ பத்து கிராமோ, ஒரு சிறிய உருளைக்குள் விழும். ஒரு தண்டு வந்து அதை அழுத்தி வில்லை போல ஆக்கும். பிறகு கொஞ்சம் வெந்நீர் விட்டு ஓரிரு விநாடி ஊற வைக்கும். தூள் சீராக நனையாவிட்டால் தண்ணீர் ஒரு பக்கமாக வழி கண்டுபிடித்து ஓடிவிடும், அதற்காகத்தான் இந்த ஊறல். அடுத்து 90 முதல் 96 டிகிரி சூட்டில் தண்ணீரை அழுத்தத்தோடு செலுத்தும். இருபத்தைந்து முப்பது விநாடிக்குள் மேலே பொன்னிற நுரையோடு கெட்டியான காப்பி இறங்கிவிடும். சக்கையைத் தானே உதறி ஒரு தட்டில் போட்டுவிட்டு, குழாயையும் கழுவிக்கொள்ளும்.

அட்டைப்பெட்டியில் '15 பார்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். சிலவற்றில் 19 பார். அது பம்ப் அதிகபட்சம் தரக்கூடிய அழுத்தம். தூளின் மேல் விழ வேண்டியது சுமார் 9 பார்தான், எனவே பெரிய எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். 9 பாரும் குறைவில்லை. கிட்டத்தட்ட 90 மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு இடத்தில் அழுத்தினால் எவ்வளவோ அவ்வளவு. கன்னியாகுமரியில் 133 அடி திருவள்ளுவர் சிலையை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வைத்தாலும் அந்த உயரம் வராது! நம்மூர் பித்தளை ஃபில்டரில் தண்ணீர் தன் எடையால் மட்டுமே சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. அதனால்தான் அங்கே கால் மணி நேரம், இங்கே அரை நிமிடம். அதனால்தான் ஃபில்டருக்குத் தூள் சற்றுக் கரகரப்பாகவும் இதற்கு நன்றாக நைசாகவும் இருக்க வேண்டும்.

இந்த அழுத்தம் ஒரு நாளில் வந்ததில்லை. 1884-ல் டூரின் நகரத்து ஏஞ்சலோ மோரியோண்டோ நீராவிக் காப்பி இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1948-ல் அக்கிலே காஜ்ஜியாவின் நெம்புகோல் இயந்திரம் வந்த பிறகுதான் எஸ்பிரெசோவின் மேல் அந்த நுரை நின்றது. 1961-ல் ஃபேமா நிறுவனம் மோட்டார் பம்ப் வைத்தது. இவையெல்லாம் கடைக்கானவை, பழகிய கை வேண்டும். 1985-ல் சாயெகோ நிறுவனத்தின் 'சூப்பர் ஆட்டோமாட்டிகா'தான் அரைப்பது முதல் சக்கை தள்ளுவது வரை எல்லாவற்றையும் வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தது. இத்தாலிக்காரர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அவர்களுடைய கோப்பைக்குள் இந்தியக் கொட்டையும் இருக்கிறது. இந்தியக் காப்பியை அதிகம் வாங்கும் நாடே இத்தாலிதான்.

சரி, இரணியலுக்கு வருவோம்.

முதல் நாளே விபத்து. வீட்டில் இருந்த காப்பித்தூளை எடுத்து, ப்ளஸ் டூ படிக்கும் பேரன் கொட்டை போடும் இடத்தில் கொட்டிவிட்டான். அது சிக்கரி கலந்த தூள். சிக்கரி என்பது காப்பியே இல்லை, ஒரு செடியின் வேரை வறுத்துப் பொடிப்பது. கலவைத்தூளில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பதுதான் இந்திய விதி, மீதி முழுக்க வேராகவே இருக்கலாம்! டிக்காக்‌ஷனுக்கு அந்தக் கறுப்பையும் கெட்டியையும் கொடுப்பது அதுதான். இயந்திரத்துக்கு அது ஆகாது. அரைவட்டுக்குள் தூள் போய் இறுகிப் பிடித்துக்கொண்டது. பேரன் பெயின்ட் பிரஷ்ஷையும் வாக்குவம் கிளீனரையும் வைத்துக்கொண்டு மாலை முழுவதும் உறிஞ்சி எடுத்தான். அதன் பிறகுதான் அந்த வீட்டில் கையேட்டைப் படித்தார்கள். (எல்லா வீட்டிலும் இப்படித்தானே?)

நாகர்கோவிலில் காப்பிக் கொட்டை வறுக்கும் கடையில் போய், சிக்கரி வேண்டாம், அரைக்கவும் வேண்டாம், கொட்டையாகவே தாருங்கள் என்று கேட்டபோது கடைக்காரர் ஒருமாதிரி பார்த்தாராம். எண்ணெய் மினுங்கும் அளவுக்குக் கருக வறுத்ததும் வாங்கக்கூடாது. அது வட்டில் ஒட்டிக்கொள்ளும்.

கொட்டை வந்தது. மறுநாள் விடியற்காலை நாலரை மணி. ஆச்சி எழுந்தார், பேரன் ஒட்டியிருந்த சிவப்புப் பொட்டுக்கு மேலே விரலை வைத்து அழுத்தினார்.

கர்ர்ர்ர்ர்...

வீடே எழுந்துவிட்டது. மருமகள் தலைமுடியை முடிந்துகொண்டே ஓடி வந்தார். தெருநாய் வேறு குரைத்தது. ஆச்சிக்கு அழுகையே வந்துவிட்டது. "இதுக்கு நான் உன்னையே எழுப்பிருப்பேன் மக்களே" என்றார். யாரையும் எழுப்பக்கூடாது என்று வாங்கிய சாமான் எல்லோரையும் எழுப்புகிறது! விளம்பரங்களில் தொடுதிரை, பதினெட்டு வகைப் பானம், கைபேசியிலிருந்தே இயக்கலாம் என்று அடுக்குகிறார்கள். சத்தத்தைப் பற்றி யார் சொல்கிறார்கள்? சில விலை உயர்ந்த வகைகளில் சத்தம் குறைவு என்பது உண்மை. ஆனால் கொட்டையைச் சத்தமே இல்லாமல் அரைக்க இன்னும் வழி வரவில்லை.

அடுத்த நாளும் ஆச்சி கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார்.

வழி கண்டுபிடித்தது மருமகள். இயந்திரத்தின் மேல் பக்கத்தில் இன்னொரு சிறிய மூடி உண்டு. அரைத்த தூளை நேராகப் போடுவதற்கான வாய் அது. கஃபீன் நீக்கிய காப்பி குடிக்கும் விருந்தாளிக்காக வைத்தது என்று கையேடு சொல்கிறது. அதைத் திறந்து தூளைப் போட்டால் அரைவட்டு ஓடாது. பம்பின் 'உர்ர்' மட்டும்தான், கதவைச் சாத்தினால் கேட்காது. ஒரு கரண்டிக்கு மேல் போடக்கூடாது, போட்டால் அடைத்துக்கொள்ளும். நடுங்கும் கையில் கரண்டி அளவு நிற்குமா? அதற்காக மருமகள் இரவு படுக்கப் போகுமுன் சிக்கரி இல்லாத தூளில் ஒரு கரண்டி அளந்து சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு, பக்கத்தில் ஒரு புனலும் வைத்துவிடுகிறார். ஆச்சிக்குக் கவிழ்த்தால் போதும்.

பால் விஷயம் வேறு மாதிரி. கொதிக்கும் பாலே தேவையில்லை. மூடியோடு கூடிய பால் குடுவையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மாட்டினால், குளிர்ந்த பாலை உறிஞ்சி, நீராவியும் காற்றும் கலந்து நுரைத்துக் கொடுக்கும். கையில் கொட்டினாலும் சுடாது. மகன் பணம் கொடுத்தது உண்மையில் இந்த ஒரு வசதிக்குத்தான் என்று சொல்லலாம். ஆனால் அந்தப் பால் 60, 65 டிகிரியைத் தாண்டாது. அதற்கு மேல் போனால் நுரை கெடும் என்பது இத்தாலியக் கணக்கு. ஆற்றிக் குடிக்கிற ஊரில் ஆறியதையே தந்தால் எப்படி? "கொள்ளாம், ஆனா வெதுவெதுன்னு இருக்கு" என்பதுதான் ஆச்சியின் தீர்ப்பு. சிக்கரி இல்லாததையும் நாக்கு கண்டுபிடித்துவிட்டது. சாயங்காலம் கருப்பட்டிக் காப்பிக்கு மட்டும் இயந்திரத்தின் வெந்நீர்ப் பொத்தானைப் பயன்படுத்துகிறார். அதில் குறை சொல்லவில்லை.

வேலை குறைந்ததா என்றால், இடம் மாறியது என்பதே சரி. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. ஈரச் சக்கையை இரண்டு நாள் விட்டால் பூசணம் பிடிக்கும். காப்பி இறக்கும் பாகத்தைக் கழற்றி வாரம் ஒருமுறை குழாயில் கழுவ வேண்டும். (ஜூரா போன்ற சில நிறுவனங்களின் இயந்திரங்களில் அதை வீட்டில் கழற்ற முடியாது, மாத்திரை போட்டுத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.) பால் குடுவையைத் தினமும் கழுவ வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் சோதனைத் தாளை முக்கிப் பார்த்ததில் கடினநீர் என்று காட்டியது. அந்த உப்பு சூடேற்றும் குழாயில் படிந்தால் இயந்திரம் சீக்கிரம் போய்விடும். எனவே வடிகட்டிய தண்ணீர், சில மாதத்துக்கு ஒருமுறை உப்பு நீக்கும் திரவம். வினிகர் ஊற்றலாம் என்று சொல்பவர்களைக் கேட்காதீர்கள், ரப்பர் வளையங்களுக்கு அது நல்லதல்ல. இதெல்லாம் பேரனின் பொறுப்பு. மின்சாரம் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் இது ஓடாது, சுமார் 1450 வாட் கேட்கும். அன்று பழைய ஃபில்டரும் மருமகளும்தான்.

சென்ற மாதம் ஒருநாள் மருமகள் ஐந்து மணிக்குத் தானாகவே விழித்துக்கொண்டார். சமையலறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆச்சி தன் டம்ளரைக் காலி செய்துவிட்டு இன்னொன்று போட்டு, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேசைப் பக்கம் நின்றார்.

"இந்தா மக்களே, குடி."

"நீங்க எதுக்கு அத்தை..." என்று இழுத்தபடி வாங்கிக் குடித்தார் மருமகள். ஆறிப்போயிருந்தது. முழுவதையும் குடித்தார். அன்று வேலைக்குக் கிளம்பும் முன், கையேட்டைத் தேடி எடுத்து, காப்பியின் சூட்டை 'அதிகம்' என்று மாற்றி வைத்தார். இரவில் தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு தாளும் இருந்தது: முதலில் டம்ளரில் வெந்நீர் பிடித்துக் கொட்டிவிட்டு, அப்புறம் காப்பி.

டப்பாவும் அன்றிலிருந்து இரண்டு.