வண்ணாந்துறையில் ஒரு படம்

என் தலைமுறைத் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குப் படம் என்பது எங்கிருந்தோ வருவது. செபராங் பிறையின் தென்பகுதியில், நிபோங் திபாலை அடுத்த ஒரு தோட்டத்தில் நான் வளர்ந்த எழுபதுகளில், தகவல் இலாகாவின் வண்டி ஆண்டுக்கு இரண்டொரு முறை வரும். பந்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டுவார்கள். 1946இல் தோன்றிய மலாயாத் திரைப்படப் பிரிவின் வழிவந்த செய்திப் படங்கள் முதலில் ஓடும். அமைச்சர் ஒருவர் நாடாவை வெட்டுவார், அணைக்கட்டில் நீர் பாயும், தமிழில் ஒரு குரல் விளக்கம் சொல்லும். அந்தக் குரலுக்கு உரியவர் நம்மைப் போன்ற ஒரு மனிதர்தாம் என்ற எண்ணமே எங்களுக்கு எழுந்ததில்லை. 1972 ஜூன் 19ஆம் நாள் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியபோதும் நாங்கள் பார்ப்போராகவே இருந்தோம்.

இன்றைய மாணவன் பார்ப்பதோடு நிற்பதில்லை, எடுக்கிறான். இதனால் அவன் என்ன பெறுகிறான், நம் மொழி என்ன பெறுகிறது என்று எண்ணிப் பார்க்கும்பொழுதெல்லாம் என் நினைவுக்கு வருபவள் என்னிடம் பயின்ற ஒரு மாணவி. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. காரணம் பின்னர் விளங்கும்.

2008ஆம் ஆண்டில் நான் பினாங்கு நகரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் ஆண்டு ஆசிரியனாக இருந்தேன். பள்ளியில் ஒரு சிறிய ஒளிப்பதிவுக் கருவி இருந்தது. வாரத்திற்கு ஒருமுறை மாணவர்களே தொகுத்து, மாணவர்களே வாசிக்கும் ஐந்து நிமிடச் செய்தியறிக்கை தயாரிக்கலாம் என்று முடிவு செய்தோம். செய்தித் தொழில் பினாங்குத் தமிழர்க்குப் புதிதன்று. நாகூர்ப் புலவர் குலாம் காதிறு நாவலர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் எண்பதுகளில் ‘வித்தியா விசாரிணி’ என்னும் இதழை இங்கிருந்து நடத்தியவர். ஆனால் ஏட்டில் எழுதும் செய்தி வேறு, வாயால் சொல்லும் செய்தி வேறு என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டோம்.

அந்த ஜூலை 7ஆம் நாள், கனடாவின் கியூபெக் நகரில் கூடிய யுனெஸ்கோ மரபுரிமைக் குழு, மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலக மரபுரிமை நகரங்களாக ஏற்றுக்கொண்டது. எங்கள் அறிக்கையின் தலைப்புச் செய்தி அதுதான். நாளேட்டைப் பார்த்து ஒரு மாணவன் எழுதி வந்த வாக்கியம் “பட்டுள்ளதாகத் தெரிவிக்கப்பட்டுள்ளது” என்று முடிந்தது. நான்கு வரி நீளம். அதை வாசிக்க வேண்டிய பெண் பாதியில் மூச்சு வாங்கினாள். மூன்றாவது முறையும் தடுமாறிய பிறகு, எழுதுகோலை எடுத்து வாக்கியத்தை அடித்துவிட்டு, “நம்முடைய ஜார்ஜ் டவுன் உலக மரபுரிமை நகரமாகிவிட்டது” என்று எழுதினாள். பிறகு, எங்கே கூடி முடிவெடுத்தார்கள் என்பதைத் தனி வாக்கியமாக்கினாள். தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. கேட்பவன் அது வரும்வரை காத்திருக்க வேண்டும். படிப்பவன் கண்ணைப் பின்னுக்கு ஓட்டலாம், கேட்பவனால் செவியைப் பின்னுக்கு ஓட்ட இயலாது. பயிற்சிக் கல்லூரியில் வாக்கிய அமைப்பைப் பற்றி நான் படித்தவற்றுள் எதுவும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. லகர ளகர ழகர வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதி ஆண்டு முழுவதும் போராடுகிறோமே, தன் குரலைத் தானே பதிவில் கேட்ட பிள்ளைகள் இரண்டு வாரத்தில் நாக்கை மடிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

ஒளிப்பதிவு முடிந்ததும் அவள் என்னிடம் வந்து, “ஐயா, எங்க வண்ணாந்துறையும் அதுல சேர்ந்துருச்சா?” என்று கேட்டாள்.

சேரவில்லை என்று சொன்னேன். மரபுரிமை எல்லை கடற்கரையை ஒட்டிய பழைய நகரத்தோடு நின்றுவிடுகிறது. ஆயிர் ஈத்தாம் சாலையை ஒட்டி, ஆற்றோரமாக அமைந்துள்ள ‘டோபி காட்’ அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக நகரத்தின் அழுக்கை வெளுத்துக் கொடுத்த இடம் அது. அவளுடைய தாத்தா அங்கே துணி வெளுப்பவர். அவள் மேலும் ஒன்றும் கேட்கவில்லை.

இடைநிலைப்பள்ளி, எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். என்று காலம் ஓடிற்று. 2017இல் பினாங்கிலேயே உள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தில் தகவல் தொடர்புத் துறையில் சேர்ந்தாள். சேர்ந்த சில வாரங்களில், நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில், பினாங்கு மாநிலம் அண்மைக் காலத்தில் கண்டிராத வெள்ளம் வந்தது. மாணவர்கள் மூன்று நிமிடச் செய்தித் தொகுப்பு ஒன்று செய்து தர வேண்டியிருந்தது. அவள் தன் வீட்டுப் பக்கத்துக்கே சென்றாள். நனைந்து கனத்த மெத்தையைத் தனியாக இழுத்துக்கொண்டு வந்த ஒரு அம்மாளை முதலில் படம் பிடித்தாள். பிறகு கருவியைத் தோழியிடம் கொடுத்துவிட்டு மெத்தையின் மறுமுனையைத் தூக்கினாள். தோழியும் சிறிது நேரத்தில் கருவியை உறைக்குள் வைத்துவிட்டு வாளி எடுத்தாள். முடிவில் அவர்களிடம் இருந்த பதிவு ஒன்றரை நிமிடத்துக்குத்தான் போதுமாக இருந்தது.

இதை அவள் என்னிடம் சொன்னபோது, செய்தியாளர் தூக்க வேண்டுமா, எடுக்க வேண்டுமா என்று இருவரும் நெடுநேரம் பேசினோம். எடுக்காமல் போனால் அந்த அம்மாளின் துன்பம் ஊருக்குத் தெரியாது என்பது ஒரு கட்சி. என் கட்சி வேறு: மெத்தையைத் தூக்கிய கைதான் பிறகு ஒலிவாங்கியை நீட்டத் தகுதி பெறுகிறது. இதை எந்தப் பாடநூலும் ஏற்காது. ஏற்க வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

2019இல் குறும்படம் ஒன்று எடுக்கத் திட்டமிட்டாள். பத்து நிமிடப் படம். பொருள், தாத்தாவின் ஒரு நாள்.

விடியுமுன் துணி மூட்டை அவிழ்வதில் தொடங்கி, கல்லில் அடித்தல், அலசுதல், நீலமும் கஞ்சியும் போடுதல், முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடையே துணியின் நுனியைச் செருகிக் காயவைத்தல், மாலையில் மடித்து அடுக்குதல் என்று படம் போக வேண்டும். அந்தக் கயிற்றுக்குக் கவ்வி தேவையில்லை. முறுக்கே துணியைப் பிடித்துக்கொள்ளும். ஆற்று நீர் கெட்ட பிறகு குழாய் நீருக்கு மாறியது, பிறகு இயந்திரம் வந்தது ஆகியவற்றைத் தாத்தாவே சொல்வார். எந்தத் துணி எந்த வீட்டுக்கு உரியது என்பதற்குச் சேங்கொட்டைச் சாற்றால் அவருடைய தகப்பனார் இட்ட குறிகளை அவர் இன்னும் விரலால் எழுதிக் காட்டுவார்.

தடை வீட்டிலிருந்து வந்தது. அவளுடைய தந்தை பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிபவர். தாம் துறையை விட்டு வெளியேறியதைத் தம் வாழ்வின் பெரிய வெற்றியாகக் கருதுபவர். மகள் கருவியைத் தூக்கிக்கொண்டு அதே துறைக்குள் போவதை அவரால் தாங்க முடியவில்லை. பழைய ஆசிரியன் என்ற முறையில் என்னைப் பேசச் சொல்லி அவள் அழைத்தாள். சென்றேன்.

“ஐயா, நீங்க படிச்சவங்க. எங்க தொழிலைச் சொல்லித்தான் பள்ளிக்கூடத்துல என்னைக் கூப்பிடுவானுங்க. என் பேரு யாருக்கும் தெரியாது. நாளைக்கு இவளுக்குக் கல்யாணப் பேச்சு வரும். அப்போ இந்தப் படத்தைத்தான் பார்ப்பாங்க” என்றார்.

மறுமொழி சொல்ல எளிதான கேள்வியா இது? ‘செய்யும் தொழிலே தெய்வம்’ என்று வகுப்பில் சொல்லிவிட்டுப் போகலாம். அவருடைய வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. சாதியைக் கப்பலில் ஏற்றி வந்தவர்கள் நாம். தோட்டத்து லயங்களிலும் நகரத்துக் கோயில் நிருவாகங்களிலும் அது எவ்வளவு காலம் உட்கார்ந்திருந்தது என்பதை அறியாதவன் போல் நான் பேச இயலாது. ஆகவே அவர் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு, படத்தை எடுத்து முடித்ததும் முதலில் அவருக்குத்தான் காட்ட வேண்டும், அவர் வேண்டாம் என்ற காட்சியை நீக்கிவிட வேண்டும், இதற்கு இசைவாரா என்று கேட்டேன். அவர் மகளைப் பார்த்தார். அவள் சரி என்றாள். ஒரு கலைஞரின் உரிமை பற்றிப் பேசும் அன்பர்கள் இதைக் குறை கூறலாம். பத்து நிமிடப் படத்துக்காக ஒரு குடும்பம் பேச்சை நிறுத்திக்கொள்வதை நான் விரும்பவில்லை, அவளும் விரும்பவில்லை.

படத்தில் சாதிப் பெயர் எங்கும் வரவில்லை. தந்தை பார்த்துவிட்டு ஒரே ஒரு காட்சியை எடுத்துவிடச் சொன்னார். தாத்தா ஒரு பழைய வாடிக்கையாளர் வீட்டின் பின்வாசலில் நின்றபடி மூட்டையைக் கொடுக்கும் காட்சி அது. எடுத்துவிட்டாள். அந்தக் காட்சிதான் படத்தின் உயிர் என்று அவளுடைய நண்பர்கள் வாதிட்டனராம். இருக்கலாம். பின்வாசலில் நின்றவரின் மகன் அதைப் பார்க்க விரும்பாததும் உண்மைதானே.

அடுத்த தொல்லை மொழியால் வந்தது. தமிழ்க் குறும்படப் போட்டி ஒன்றுக்குப் படத்தை அனுப்பினாள். தாத்தாவின் பேச்சில் மலாய்ச் சொற்கள் கலந்துள்ளன, அவற்றை நல்ல தமிழில் மாற்றிக் குரல் பதிவு செய்து மீண்டும் அனுப்பினால் ஏற்கலாம் என்று நடுவர் தரப்பிலிருந்து தெரிவித்தார்கள். தாத்தா, “அந்தக் காலத்துல ரொம்ப சூசாம்மா” என்கிறார். அதை “அக்காலத்தில் மிகவும் கடினம்” என்று மாற்ற வேண்டுமாம்!

நான் தமிழாசிரியன். மாணவன் கட்டுரையில் ‘பாசார்’ என்று எழுதினால் ‘சந்தை’ என்று திருத்தத்தான் செய்வேன். செய்தியறிக்கையில் பிறமொழிச் சொல் புகுவதையும் ஒப்பேன். செய்தி பொதுமேடையில் பேசுவது. ஆனால் குறும்படத்தில் பேசுபவர் ஒரு முதியவர். தம் வீட்டு முற்றத்தில் பேத்தியோடு பேசுகிறார். அவருடைய வாயில் வேறொருவர் தமிழைத் திணித்தால் அவர் வாயசைக்கும் பொம்மையாகிவிடுவார். மேலும், அதே பத்து நிமிடத்தில் அவர் வாயிலிருந்து வெள்ளாவி, உவர்மண், சேங்கொட்டை என்று சொற்கள் வருகின்றன. துணியை உவர்மண் கரைசலில் தோய்த்து, அடுக்கி, நீராவியில் வேகவைப்பதற்கு வெள்ளாவி என்று பெயர். நம் மாணவர்களுள் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஆசிரியர் அறையில் நான் கேட்டபோது இருவருக்குத்தான் தெரிந்திருந்தது. ‘சூசா’வைத் துடைக்கப் போய் வெள்ளாவியையும் சேர்த்துத் துடைப்பது என்ன தமிழ்ப் பணியோ, எனக்கு விளங்கவில்லை. அவள் குரலை மாற்ற மறுத்துவிட்டாள். போட்டியில் படம் இடம்பெறவில்லை.

ஒளிப்பதிவுக் கருவிக்குப் பின்னே தமிழன் நிற்பது இந்த மண்ணில் புதுமையன்று. இதே ஜார்ஜ் டவுனில் 1929இல் பிறந்த பி. ரம்லி முதன்முதலாகக் கதைநாயகனாக நடித்த ‘பக்தி’ என்னும் மலாய்ப் படத்தை 1950இல் இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்னும் தமிழர். ஆனால் நம் வாழ்வை நம் பேச்சில் நாமே சொல்லும் படங்கள் காலம் தாழ்த்தித்தான் வந்தன. தீபக் குமரன் மேனனின் ‘செம்மண் சாலை’ 2005இல் தோட்ட வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்தது. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015இல் வெளிவந்து, மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்துக்கான விருதைப் பெற்றது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம் ஒன்றில் துறுதுறுப்பான சிறுவன் ஒருவன் படிப்புக்கும் தெருவுக்கும் இடையில் இழுபடும் கதை அது. ஆசிரியர்கள் அதை ஒருமுறையேனும் பார்க்க வேண்டும். அந்தச் சிறுவனைப் போன்றவர்கள் நம் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதிலும் அவர்கள் பேசுவது நம் ஊர்ப் பேச்சுதான்.

போட்டி கைவிட்ட படத்தை அவள் வண்ணாந்துறையிலேயே ஒரு மாலையில் திரையிட்டாள். துணி காயவைக்கும் கயிற்றில் ஒரு வெள்ளை விரிப்பைக் கட்டினார்கள், அதுவே திரை. அக்கம்பக்கத்தார் முப்பது பேர் இருக்கலாம். தந்தை பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தார். படம் முடிந்ததும் சிலர் கைதட்டினர். எல்லாரும் தாத்தாவைத் திரும்பிப் பார்த்தோம்.

அவர் முகம் தெளிவாக இல்லை. “நல்லாத்தான் எடுத்திருக்கே. ஆனா வேட்டி மஞ்சளா இல்ல தெரியுது? நான் அப்படியா வெளுத்தேன்?” என்றார்.

படப்பிடிப்புக்கு முன் ஒரு வெண்மையான பொருளைக் கருவியின் முன் பிடித்து, இதுதான் வெண்மை என்று அதற்குக் காட்டினால்தான் மற்ற நிறங்கள் சரியாக விழும் என்பது ஒளிப்பதிவின் பால பாடம். காலை நேர அவசரத்தில் அவள் அதைத் தவறவிட்டிருந்தாள். பேராசிரியர்களோ நடுவர்களோ அதைக் கவனிக்கவில்லை. மறுவாரம் கணினியில் உட்கார்ந்து காட்சி காட்சியாக நிறத்தைத் திருத்தினாள். தாத்தாவை அருகில் உட்காரவைத்துக்கொண்டு, ஒவ்வொரு காட்சிக்கும் “இப்பச் சரியா தாத்தா?” என்று கேட்டாளாம். நான்காவது காட்சியில் அவர், “இன்னும் கொஞ்சம் நீலம் போடு” என்றிருக்கிறார்.