பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

லேவியர் நூல் 16ஆம் அதிகாரத்தில் இரண்டு வெள்ளாட்டுக் கிடாய்களைப் பற்றி வாசிக்கிறோம். ஒன்று ஆண்டவருக்குப் பலியாகும். மற்றதன் தலைமேல் ஆரோன் தம் இரு கைகளையும் வைத்து, மக்களின் பாவங்களையெல்லாம் அறிக்கையிட்டு, அதைப் பாலைவனத்துக்கு அனுப்பிவிடுவார். தமிழில் நாம் 'பலிகடா' என்கிறோம். உண்மையில் பலியானது முதல் கிடாய், பழி சுமந்தது இரண்டாவது. ஆனால் பாவம் செய்தது ஆடுதான் என்று அந்தச் சடங்கில் ஒருவரும் சொல்லவில்லை. தங்கள் பாவம் என்று ஒத்துக்கொண்டே அதன் தலையில் ஏற்றினார்கள். நாம் அன்றாடம் செய்வதோ அதைவிட மோசம். கையை வைத்த மறுநிமிடமே, குற்றவாளி ஆடுதான் என்று நம்பியும் விடுகிறோம்.

வியாபாரம் நொடித்தால் மருமகள் வந்த நேரம் சரியில்லை என்கிறோம். மோதிரம் காணாவிட்டால் பாத்திரம் தேய்க்கும் அம்மாவின் முந்தானையை உதறச் சொல்கிறோம். விருந்துக்கு வந்த மாப்பிள்ளையின் சட்டைப் பையைச் சோதித்த வீடு எங்கேனும் உண்டா? முதலில் ஆளைத் தேர்ந்தெடுக்கிறோம். சாட்சியம் பிறகுதான் வருகிறது. எதிர்த்துப் பேச யாருமில்லாதவரே அந்த ஆள்.

சரித்திரத்தில் இதற்குக் கொடிய உதாரணம் உண்டு. 1347 முதல் கொள்ளைநோய் ஐரோப்பாவைச் சூறையாடியது. மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மாண்டனர் என்று கணிக்கிறார்கள். காரணம் ஒருவருக்கும் விளங்கவில்லை. யூதர்கள் கிணறுகளில் நஞ்சிட்டார்கள் என்று பேச்சுக் கிளம்பியது. 1348இல் சவாய் நாட்டில் சிலரைச் சித்திரவதை செய்து 'ஆம்' என்று சொல்ல வைத்தார்கள். அந்த 'ஆம்' கடிதமாக ஊர் ஊராய்ப் போயிற்று.

அப்போது அவிஞ்ஞோனில் இருந்த பாப்பரசர் ஆறாம் கிளமெந்து அதே ஆண்டு இக்குற்றச்சாட்டை மறுத்து ஆணை எழுதினார். அவருடைய நியாயம் நம் வகுப்புக் கணக்கைப் போல எளியது. யூதர்களும் அதே நோயில் சாகிறார்களே? யூதர்களே வசிக்காத இடங்களிலும் நோய் பரவுகிறதே? நோய்க் கிருமியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. உண்மைக் காரணம் தெரியாமலேயே பொய்க் காரணத்தைத் தள்ளிவிட முடியும் என்பது நமக்குப் பெரிய வியப்பாக இருக்கிறது.

ஆனாலும் கேட்டவர் சிலரே. ஸ்திராஸ்பூர்க் நகரில் யூதர்களைக் காக்க முயன்ற தலைவர்களைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டு, 1349 பிப்ரவரி 14 அன்று நூற்றுக்கணக்கான யூதர்களை எரித்தார்கள். எரித்தவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்று எழுதக் கை கூசுகிறது. இறந்தவர்களிடம் ஊரார் பட்டிருந்த கடன்களும் ரத்தாயின! அன்று அந்நகருக்குள் நோய் வந்திருக்கவே இல்லை. பிறகு, அதே ஆண்டில், வந்தது.

கொள்ளைநோய்க் கிருமியை எர்சின் ஹாங்காங்கில் கண்டது 1894இல். எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சி அதைப் பரப்புகிறது என்று சிமோன் கராச்சியில் சோதித்துக் காட்டியது 1898இல்.

பாப்பரசரின் இரண்டு கேள்விகளையும் நம் வீட்டு முற்றத்திலும் கேட்டுப் பார்க்கலாம். அந்த அம்மா வேலைக்கு வராத நாட்களில் இந்த வீட்டில் ஒரு பொருளும் தொலைந்ததில்லையா? அவர் கால் படாத அலமாரிகளிலும் பொருள் காணாமற் போகிறதே? கேட்க ஐந்து நிமிடம் போதும். கேட்காமல் அனுப்பிவிட்டால், மோதிரம் மறுவாரம் சலவைத்துணி மடிப்பில் அகப்பட்டாலும், அதைச் சொல்ல ஒருவரும் அவர் வீட்டுக்குப் போவதில்லை. அதற்குள் அந்தத் தெருவில் அவருக்கு வேலை கொடுப்பாரும் இல்லை.